முதலில் பிளாங்கைக் காட்டுங்கள்

போன வாரம் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் காலையிலேயே வந்துவிட்டார். பேப்பர் படித்து முடிக்கக்கூட விடவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே ஆய்வுக்கூட ரிப்போர்ட். கும்பக்கரை ரோட்டில் அவருக்கு ஒரு சின்ன மாந்தோப்பு உண்டு. தோப்புக் கிணற்றுத் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் பணம் கட்டிச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்.

"சார், இனிமே கவலையில்ல. பாதரசம் இல்லவே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

வாங்கிப் பார்த்தேன். பாதரசம் என்ற வரிக்கு எதிரே மூன்றே எழுத்து: பி.டி.எல்.

"இல்லைன்னு எங்க போட்டிருக்கு?" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல செய்தியோடு வந்தவரிடம் வாத்தியார் புத்தியைக் காட்டுகிறாயே என்று உள்ளேயிருந்து வீட்டம்மா பார்த்த பார்வை வேறு. ஆனாலும் இந்த விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் பகுப்பாய்வு வேதியியல் நடத்தியவன் நான்.

பெரியகுளத்துக்காரர்கள் பாதரசத்துக்கு ஏன் பயப்படுகிறோம் என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மேலே கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்த மேட்டுக்குக் கீழேதான் பாம்பார்ச் சோலை. அந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிற பாம்பாறுதான் கும்பக்கரை அருவியாக நம்மிடம் வருகிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிய அந்தத் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் இங்கே இடம் மாறி வந்தது. 2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் ஏழு டன்னுக்கு மேல் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி கிடந்ததை ஊர் மக்கள் வெளியே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. அங்கே வேலை பார்த்தவர்கள் பட்ட பாடும், அவர்கள் வழக்கு 2016இல் சமரசத்தில் முடிந்ததும் தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். பி.டி.எல். என்றால் 'எங்கள் கருவியால் கண்டறியக்கூடிய எல்லைக்குக் கீழே' என்று பொருள். அந்த எல்லை என்ன என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருந்தது: லிட்டருக்கு 0.0005 மில்லிகிராம். அதாவது 500 நானோகிராம். (ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோகிராம்.) குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1000 நானோகிராம். ஆகவே குடிக்கலாமா என்ற கேள்விக்கு அந்த ரிப்போர்ட் சரியான பதில்தான். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் யாரும் தொடாத ஒரு மலை ஓடையில் பாதரசம் லிட்டருக்கு ஒன்றிரண்டு நானோகிராம் அளவில்தான் இருக்கும். நம் ஓடையில் அதுபோல நூறு மடங்கு இருந்தாலும், இருநூறு மடங்கு இருந்தாலும் அந்த ரிப்போர்ட் அதே மூன்று எழுத்தைத்தான் அச்சடிக்கும். பாதரசம் சேற்றில் நுண்ணுயிரிகளின் கையில் சிக்கி மெத்தில் பாதரசமாக மாறினால், தண்ணீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்கு வரை மீன் உடம்பில் சேரும். தண்ணீர் ரிப்போர்ட் பி.டி.எல். என்று சிரித்துக்கொண்டிருக்கும்போதே குழம்புச் சட்டியில் வேறு கணக்கு ஓடலாம். லாரி எடை போடுகிற மேடையில் ஒரு மோதிரத்தை வைத்துவிட்டு, முள் அசையவில்லை, ஆகவே மோதிரமே இல்லை என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இதெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் சும்மா இருப்பாரா? வெளியூரில் ஆராய்ச்சி செய்யும் தன் மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். பையன் என்னிடம் பி.எஸ்.ஸி. படித்தவன். கெட்டிக்காரன்.

"சார், இந்தக் காலத்துல யாரு சார் வெறும் அளவு பாக்குறா? ஐசோடோப்பு பாக்கணும் சார். பாதரசத்துக்கு அது டி.என்.ஏ. மாதிரி. எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்ததுன்னு அதுவே காட்டிக் குடுத்துரும்."

உண்மையைச் சொன்னால், பி.டி.எல்.லை விட இந்தப் பேச்சுதான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. முதலாவதில் வெறும் அலட்சியம். இரண்டாவதில் நல்ல விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு மூடநம்பிக்கை.

ஐசோடோப்பு என்றால் என்ன என்று கொஞ்சம். பாதரச அணுக்கள் எல்லாம் ஒரே எடை அல்ல. 196, 198, 199, 200, 201, 202, 204 என்று ஏழு எடையில், எல்லாமே நிலையானவையாக, இயற்கையில் கலந்து கிடக்கின்றன. 202 எடை கொண்டது நூற்றுக்கு முப்பது அளவு. 196 ஆயிரத்தில் ஒன்றரைதான், அதைப் பெரும்பாலும் யாரும் அளப்பதே இல்லை. இந்தக் கலவை விகிதம் இடத்துக்கு இடம், பொருளுக்குப் பொருள் துளி மாறும். துளி என்றால், ஆயிரத்தில் ஒன்று, இரண்டு. இதை அளக்கத்தான் மல்டி கலெக்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற பெரிய கருவி.

வேலை நடக்கிற விதம் அழகானது. மாதிரியை அமிலத்தில் கரைத்து, ஸ்டானஸ் குளோரைடு சேர்த்தால் கரைசலில் உள்ள பாதரசம் ஆவியாக எழும்பும். அதை ஆர்கான் வாயு வாரிக்கொண்டு போய், சூரியனின் மேற்பரப்பைப் போலக் கொதிக்கும் பிளாஸ்மாவில் சேர்க்கும். அங்கே அணுக்கள் மின்னூட்டம் பெற்று, காந்தப் புலத்தில் எடைக்கு ஏற்ப வளைந்து, தனித்தனிக் கிண்ணங்களில் ஒரே நேரத்தில் விழும். ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். பிளாஸ்மா கொஞ்சம் தடுமாறினாலும் எல்லாக் கிண்ணமும் சேர்ந்தே தடுமாறும், விகிதம் கெடாது. கருவி தானாகச் செய்யும் ஓரவஞ்சனையைத் திருத்த, விகிதம் தெரிந்த தாலியத்தைக் கூடவே ஊட்டுவார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னும் பின்னும் ஒரு பொதுத் தரக் கரைசலை அளப்பார்கள். உலகம் முழுக்க 3133 என்ற எண் கொண்ட அமெரிக்கத் தரக் கரைசல்தான் இதற்கு ஒப்புக் கல். மாதிரியும் தரமும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். கூடவே, ஸ்பெயினின் அல்மாடென் சுரங்கப் பாதரசத்தை இன்னொரு மாதிரி போல அளந்து, எல்லாரும் ஒப்புக்கொண்ட எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது வராத நாளில் மற்ற எண்களுக்கும் மதிப்பில்லை.

இவ்வளவும் சரியாக நடந்தால், ஆயிரத்தில் ஒரு பங்கின் பத்தில் ஒன்றுவரை வித்தியாசம் சொல்லலாம். இதைக் கேட்டு மயங்காதவர் யார்! நானும் மயங்கினேன். ஆனால் கருவிக்குள் நுழைவதற்கு முன்னால் நடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இனி என் மானம் போன கதை ஒன்று.

1980களின் கடைசி. நான் வேலை பார்த்த கல்லூரியில் பாதரசம் அளக்கும் ஒரு சிறு கருவி வந்தது. ஐசோடோப்பெல்லாம் இல்லை, வெறும் அளவு மட்டும். மழைத் தண்ணீரைப் பிடித்து அளந்தேன். ஒவ்வொரு மழையிலும் பாதரசம்! மேற்கு மலையிலிருந்து வரும் மேகம் என்று ஒரு கதையும் கட்டி, கருத்தரங்குக்குக் கட்டுரை தயார். டைப் அடித்தாகிவிட்டது. எங்கள் மூத்த பேராசிரியர் ஒருவர் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "பிளாங்க் எவ்வளவுய்யா?"

பிளாங்க் என்றால் வெற்று மாதிரி. பாதரசம் இல்லாத நல்ல தண்ணீரை, மாதிரிக்குச் செய்த அத்தனையையும் செய்து, அதே பாட்டிலில் ஊற்றி, அதே மேசையில் வைத்து அளப்பது. நான் அளந்திருந்தேன், ஆனால் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதற்காக அப்போதே பிடித்த தண்ணீரில். மாதிரிகளோ அமிலமும் பெர்மாங்கனேட்டும் சேர்த்து இராத்திரி முழுக்க அந்த அறையில் இருந்தவை. அன்று சாயங்காலம் நல்ல தண்ணீருக்கும் அதே மருந்துகளைச் சேர்த்து அதே மேசையில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் அளந்தால், மேகத்தில் இருந்த அதே பாதரசம் குழாய்த் தண்ணீர் காய்ச்சி வடித்த பாட்டிலிலும் இருக்கிறது.

அந்த அறை எங்களுக்கு முன்னால் பல வருஷம் போலரோகிராபி அறை. சொட்டுச் சொட்டாகப் பாதரசம் விழும் மின்முனையை வைத்துச் செய்கிற ஆய்வு அது. கண்டுபிடித்த ஹெய்ரோவ்ஸ்கிக்கு 1959இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் கல்லூரிகளில் அந்தக் காலத்தில் அதுதான் பெருமைக்குரிய கருவி. மேசையை நகர்த்தித் தரையின் வெடிப்பை டார்ச் அடித்துப் பார்த்தோம். கடுகு கடுகாக மின்னியது. மேற்கு மலை மேகம் என் காலடியிலேயே கிடந்திருக்கிறது. (அந்த அறையில் பத்து வருஷம் உட்கார்ந்து டீ குடித்த எங்கள் மூச்சில் எவ்வளவு போயிற்று என்று அப்போது யாரும் கேட்கவில்லை.) கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

எனக்கு நேர்ந்தது அளவில் மட்டும். ஐசோடோப்பில் இது இன்னும் மோசம். கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு ஒரு நானோகிராம் உள்ள ஓடைத் தண்ணீர். கருவிக்குப் போதுமான பாதரசம் வேண்டுமென்றால் பத்து லிட்டரைச் செறிவூட்டிப் பத்து நானோகிராம் சேர்க்க வேண்டும். இதில் பாட்டில், அமிலம், அறைக் காற்று எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு நானோகிராம் போட்டுவிட்டது என்று வையுங்கள். அந்தத் திருட்டுப் பாதரசத்தின் விகிதம் நம் மாதிரியிலிருந்து ஆயிரத்தில் ஒன்று விலகியிருந்தால், விடை ஆயிரத்தில் 0.09 நகர்ந்துவிடும். கருவியின் மொத்தத் துல்லியமே 0.1தான்! கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய துல்லியத்தை ஒரு கழுவாத பாட்டில் தின்றுவிடுகிறது. அதேபோலச் செறிவூட்டும்போது பாதரசம் கொஞ்சம் தப்பிப் போனாலும் ஆபத்து. இலேசான அணுக்கள் முதலில் ஓடும், மிச்சம் இருப்பது கனமாகிவிடும். ஓடை சொல்லாததை நம் குடுவையே சொல்லும். ஆகவே உள்ளே போட்டது முழுவதும் வெளியே வந்ததா என்ற மீட்பு விழுக்காட்டையும் காட்ட வேண்டும்.

இது பாதரசத்துக்கு மட்டும் நேர்ந்த வினை இல்லை. கிளேர் பாட்டர்சன் என்ற அமெரிக்கர் ஈய ஐசோடோப்பை வைத்துப் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956இல் சொன்னார். அந்த எண்ணைப் பெற அவர் பட்ட பாட்டில் பெரும் பகுதி கல்லோடு அல்ல, ஆய்வுக்கூடத் தூசியோடு. காற்றிலும் சுவரிலும் அமிலத்திலும் ஈயம். அதை ஒவ்வொன்றாக விரட்டிச் சுத்த அறை கட்டினார். அப்புறம் பார்த்தால், கடல் நீரில் ஈயம் என்று அதற்கு முன் பலர் எழுதிவைத்த எண்களில் பெரும்பகுதி அவரவர் பாட்டிலிலிருந்து வந்தது. பெட்ரோலில் ஈயம் கலப்பதற்கு எதிராக அவர் பிறகு நடத்திய நீண்ட சண்டைக்கு ஆயுதம் எது? அவருடைய பிளாங்க்தான். எதிராளியின் எண் அழுக்கு, தன் எண் சுத்தம் என்று அவரால் நிரூபிக்க முடிந்தது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? கருவி வாங்குகிறோம். குத்துவிளக்கு, சால்வை, போட்டோ எல்லாம் அமர்க்களமாக நடக்கும். எத்தனை கோடி என்பது கல்வெட்டில் வரும். சுத்த அறைக்கு வடிகட்டி மாற்றவும், உயர்தர அமிலம் வாங்கவும், பாட்டில் கழுவவென்றே ஒரு ஆளை வைக்கவும் பணம் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் கண்டிஜென்சியில பாத்துக்குங்க சார்." நான் ஓய்வு பெறும்வரை கேட்ட வசனம் இது. ஆய்வேட்டில் கருவியின் மாடல் எண் ஒரு பக்கம் இருக்கும். பிளாங்க் எவ்வளவு என்ற ஒரு வரி இருக்காது. வாய்மொழித் தேர்வுக்கு என்னைக் கூப்பிட்ட இடங்களில் இதைக் கேட்டுக் கேட்டே கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன்.

இப்போது டி.என்.ஏ. கதைக்கு வருகிறேன். தொழிற்சாலைகள் வாங்கும் உலோகப் பாதரசம் பல சுரங்கங்களிலிருந்து வருவது, ஆனால் விகிதங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று மேலே விழுந்து கிடக்கும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் பாதரசத்தையும், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் உடைந்த பி.பி. கருவியின் பாதரசத்தையும் ஐசோடோப்பு பிரித்துச் சொல்லும் என்று சத்தியம் செய்ய முடியாது. போதாததற்கு, ஒரே தொழிற்சாலைக்குள் ஆவியாகிப் போனது இலேசாகவும் தரையில் தங்கியது கனமாகவும் விகிதம் மாறும். கைரேகை என்றால் மாறக்கூடாது. இது மாறுகிறது. நாளைக்கு ஒரு நீதிமன்றத்தில் இதை டி.என்.ஏ. என்று சொல்லிப் போய் நின்றால், எதிர்த்தரப்பு வக்கீல் பத்து நிமிஷத்தில் கிழித்துவிடுவார். அதோடு, சரியாகச் சொல்லக்கூடிய விஷயமும் சேர்ந்து குப்பைக்குப் போகும். என் கோபம் அதனால்தான்.

சரியாகச் சொல்லக்கூடியது எது? மலையில் பாதரசம் இருந்தால் "காற்றிலே வருவதுதான், எல்லாக் காட்டிலும் இருப்பதுதான்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பாதி உண்மை அது. காற்றில் உள்ள பாதரசத்தை இலைகள் உறிஞ்சி, உதிர்ந்து, மண்ணில் சேர்க்கின்றன. ஆனால் இலை வழியாக வந்த பாதரசத்துக்கு ஒரு சாயல் உண்டு. 202 தெளிவாகக் குறைந்திருக்கும். அதோடு 199, 201 ஆகிய ஒற்றைப்படை ஐசோடோப்புகளிலும் தனியாக ஒரு குறைவு தெரியும். ஒற்றைப்படைகள் இப்படித் தனியாக விலகுவது சூரிய ஒளி பாதரசத்தின் மேல் செய்யும் வேலையால் என்று பெர்க்விஸ்ட், புளூம் என்ற இருவர் 2007இல் காட்டினார்கள். டப்பாவில் வந்த உலோகப் பாதரசத்தில் இந்த ஒற்றைப்படை விலகல் ஏறக்குறைய பூஜ்யம். ஆவியாகி எழும்பினாலும், இலைக்குள் போனாலும் அது பெரிதாக மாறுவதில்லை.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற இடம். ஹைட்ரஜன் குண்டுக்காக லித்தியம் ஐசோடோப்பைப் பிரிக்க 1950களில் டன் டன்னாகப் பாதரசம் பயன்படுத்தி, அதில் ஏராளம் ஓடையில் விட்டார்கள். அந்த ஓடைச் சேற்றையும், பக்கத்தில் மாசுபடாத ஓடைகளின் சேற்றையும் ஐசோடோப்பில் ஒப்பிட்டபோது இரண்டும் தெளிவாகப் பிரிந்து நின்றன. ஒன்றில் உலோகத்தின் சாயல், மற்றதில் இலையின் சாயல். யாருடைய பாதரசம் என்று அது பெயர் சொல்லவில்லை. காட்டில் தானாக வந்ததா, மனிதன் கொட்டியதா என்று மட்டும் சொன்னது. நமக்கு அது போதும். ஐசோடோப்பு 'உலோகம்' என்று சொல்லிவிட்டால், அந்த மலைமேட்டில் டன் கணக்கில் உலோகப் பாதரசம் வைத்திருந்தது யார் என்பதற்குச் சரக்குப் பதிவேடு இருக்கிறது, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டாம்.

தொழிற்சாலை மண்ணைச் சுத்தம் செய்வதில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாம் என்று எல்லை வைத்ததும், சோலைக்கு மேலே இருக்கிற இடத்துக்கு அது போதாது என்று வருஷக் கணக்கில் வாதம் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாதத்தில் இரண்டு பக்கமும் எண்களை வீசின. அளந்தவர் அரசாங்கமானாலும், கம்பெனியானாலும், நம் பக்கத்து இயக்கக்காரர்களானாலும் நான் கேட்பது ஒன்றே. எண்ணுக்கு முன்னால் பிளாங்கை அச்சடியுங்கள். மீட்பு எத்தனை விழுக்காடு, தரப் பொருளில் என்ன எண் வந்தது, மேட்டுக்கு மேலே மாசுபடாத இடத்து மாதிரி எங்கே, இதையும் போடுங்கள். இவை இல்லாத ரிப்போர்ட் நமக்குச் சாதகமாக இருந்தாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இதைச் சொன்னதற்காகச் சென்ற வருஷம் ஒரு கூட்டத்தில் "சார் யார் பக்கம்?" என்று ஒரு தம்பி கேட்டார்.

நண்பர் மறுநாளே அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்து பிளாங்க் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். "அது எங்க இன்டர்னல் விஷயம் சார், கஸ்டமருக்குக் குடுக்குறதில்ல" என்றார்களாம். எழுத்திலேயே கேட்டுக் கடிதம் அனுப்பச் சொல்லி, வாசகத்தை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பையன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். நானோகிராம் அளவில் அளக்கும் ஒரு ஆய்வுக்கூடத்தை ஏற்பாடு செய்திருக்கிறானாம். அமிலத்தில் ஊறவைத்த பாட்டில்களை இரட்டைப் பையில் போட்டுக் கொண்டுவருகிறான். ஓடையில் மாதிரி எடுக்க இரண்டு பேர் வேண்டும். வெளிப் பையைத் தொடுபவர் 'அழுக்குக் கை', உட்பையையும் பாட்டிலையும் மட்டும் தொடுபவர் 'சுத்தக் கை'. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை வகுத்த முறை இது. பாட்டில்களில் இரண்டு வெறும் பிளாங்க். அவற்றையும் ஓடைவரை தூக்கிப் போய், மூடி திறந்து மூடிக் கொண்டுவர வேண்டும். சுத்தக் கை நான் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டம்மாதான் கேட்டுவிட்டு, "சாப்பிட்ட தட்டையே கழுவாத கை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.